ஆவடி மைதானத்து கோலுக்கு எத்தனை ஒட்டகம்?

1

நெமிலிச்சேரி ஸ்டேஷனில் இறங்கி, தண்டவாளத்தைத் தாண்டி வீட்டுக்கு நடக்கிற என் ஜனங்களுக்கு முதல் வரியிலேயே சங்கதியைச் சொல்லிவிடுகிறேன்: ஆள் கிடைத்துவிட்டார்.

எந்த ஆள் என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். ஆனாலும் நான் ஊரைவிட்டு வந்தபின் வளர்ந்த பிள்ளைகளும் இதைப் படிக்கலாம், அவர்களுக்காகச் சொல்கிறேன். பரசுராமன். ஆவடி குவார்ட்டர்ஸ் மைதானத்தில் வெள்ளை அரைக்கால் சட்டையும் காக்கிக் காலுறையுமாகக் கோட்டோரம் கொடி பிடித்து ஓடுவாரே, அந்த லைன்ஸ்மேன். நான் போட்ட கோலை ஆஃப்சைடு என்று சொல்லி விழுங்கி ஏப்பம் விட்டவர். அந்த ஒரு கோலோடு பாடி கம்பெனியில் எனக்குக் கிடைக்க இருந்த வேலையும் போனது. பத்துப் பன்னிரண்டு வருஷமாக அந்த மனுஷனை நான் தேடவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது, அங்கேதான் குடியிருந்தேன்.

இங்கே வேல்ஸில், கார்டிஃபில் நான் வேலை செய்வது காருக்கு சைலன்சர் மாற்றும் பட்டறையில். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் அடித்த கைக்கு இது பெரிய வேலை இல்லை. அன்றைக்கு வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிறேன். வழக்கமான தூறல். இந்த ஊர் மழைக்கு நம்ம ஊர் மழை மாதிரி வீரம் கிடையாது. மேலே யாரோ துணி உதறுகிற மாதிரி நாள் முழுக்கப் பெய்யும். எனக்கு முன்னால் ஒரு பெரியவர். தலையில் குரங்குக் குல்லா, ஸ்வெட்டருக்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர், கையில் பிளாஸ்டிக் பை, அதற்குள்ளிருந்து முருங்கைக்காய் எட்டிப் பார்க்கிறது. நம்ம ஆள் என்று தெரிந்து சந்தோஷப்பட்டேன். சாமி சத்தியமாகச் சந்தோஷப்பட்டேன்.

பஸ் வந்தது. அவர் வலது கையைத் தூக்கினார்.

இந்த ஊர்க்காரர்கள் பஸ்ஸை நிறுத்தக் கையை இடுப்பு உயரத்துக்கு நீட்டுவார்கள், பிச்சை வேண்டாம் என்று சொல்கிற மாதிரி. இவர் தோளிலிருந்து நேராக, முழங்கை மடங்காமல், விரல்களை இறுக்கி, வானத்தைக் குத்துகிற மாதிரி தூக்கினார். அந்தக் கையை நான் உலகத்தில் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வேன். கொடி மட்டும்தான் இல்லை.

பஸ் நின்றது. அவர் ஏறினார். நான் ஏறவில்லை. ஏறாதது நல்லது. ஏறியிருந்தால் அங்கேயே சட்டையைப் பிடித்திருப்பேன். இந்த ஊரில் அதற்கும் ஒரு ஃபாரம் நிரப்பச் சொல்வார்கள்.

2

அந்த மேட்ச்சைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

பட்டாபிராம், நெமிலிச்சேரிப் பையன்கள் சேர்ந்து நடத்திய டீம் எங்களுடையது. எங்களுக்கு ரைட் விங்கில் ஒரு சோமாலியாக்காரன் ஆடினான். பெயர் ஜாமா. மெட்ராஸில் காலேஜ் படிக்க வந்தவன். ஐயப்பன்தாங்கல் பஸ் டெப்போவுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் அவனும் இன்னும் நாலு சோமாலியர்களும் குடியிருந்தார்கள். அறையில் கட்டிலைவிட டம்ளர்கள் அதிகம். சாயங்காலம் ஆனால் பூந்தமல்லியில் ஒரு பாய் டீக்கடையில் வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். லண்டன் ரேடியோவில் அவர்கள் பாஷையில் செய்தி வரும். கேட்டு முடித்ததும் ஆரம்பிக்கும் சண்டை. அவர்கள் ஊர் அரசாங்கம், ஐரோப்பா ஃபுட்பால், அம்பத்தூரில் பம்ப்செட் வாங்கிக் கப்பலில் அனுப்பினால் என்ன லாபம் என்கிற கணக்கு, எல்லாம் ஒரே மூச்சில். கடைக்கார பாய் முதல் வாரம் பயந்துபோய் போலீஸைக் கூப்பிடலாமா என்று என்னிடம் கேட்டார். இரண்டாம் வாரம் அவரே நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஜாமாவிடம் கேட்டேன், எதற்கு இப்படி அடித்துக்கொள்கிறீர்கள் என்று.

"சண்டையா? யாரு சண்டை போட்டா?" என்று உண்மையாகவே ஆச்சரியப்பட்டான். "இதுக்கு எங்க பாஷைல ஃபதி-கு-திரிர்னு பேரு மச்சான். குந்திகினே போடற யுத்தம். எவனும் எந்திரிக்கக் கூடாது. எந்திரிச்சான்னா தோத்தான்."

அவன் தமிழ் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் கற்றது. புத்தகத்தில் ஓர் எழுத்து தெரியாது. கண்டக்டரிடமும் பரோட்டா மாஸ்டரிடமும் எடுத்த பாடம்.

அந்த வருஷம் பாடியில் ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு ஃபார்வர்டை எடுப்பதாக இருந்தது. ஆவடி மைதானத்தில் நடந்த பைனலைப் பார்க்க அவர்கள் ஆபீசர்கள் பந்தலுக்குக் கீழே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்கள். அந்த ஒரு இடத்துக்குக் கண் வைத்தவர்கள் இரண்டு பேர். ஒன்று நான். இன்னொன்று எதிர் டீமில் ஆடிய முரளி. முரளி யார் என்றால் லைன்ஸ்மேன் பரசுராமனின் அக்கா மகன்.

இப்போதே புரிந்திருக்குமே. ஆனாலும் சொல்கிறேன், எனக்குச் சொல்லப் பிடிக்கும்.

இரண்டு பக்கமும் கோல் இல்லை. ஆட்டம் முடியப் போகிறது. ஜாமா வலது ஓரமாகப் பந்தைத் தள்ளிக்கொண்டு வந்தான். இரண்டு பேரைத் தாண்டினான். மூன்றாவது ஆளைப் பார்த்துச் சிரித்தான், அவன் அப்படித்தான், அவர்களைத் தாண்டுவதைவிட அவர்களைப் பார்த்துச் சிரிப்பதில் குறியாக இருப்பான். நான் அவர்கள் கடைசி ஆளைத் தாண்டவில்லை, தாண்டி நின்றால்தான் ஆஃப்சைடு, நான் ஒரு கை நீளம் பின்னால், என் முகத்துக்கு நேரே அவர்கள் ஸ்டாப்பரின் பனியன் கிழிசல் தெரிகிறது, அவ்வளவு பின்னால். ஜாமா பந்தை விட்டான். கத்தியால் வெண்ணெயைக் கீறுகிற மாதிரி வந்தது. அது காலை விட்டுக் கிளம்பியபின்தான் நான் ஓடினேன். ஒரே தட்டு. வலை ஆடியது. ஜனம் உள்ளே ஓடி வந்தது.

திரும்பிப் பார்த்தால் அந்தக் கை.

அப்புறம் நடந்ததெல்லாம் சாதாரணம். ஆஃப்சைடு. ஃப்ரீ கிக். நாங்கள் கத்திக்கொண்டிருந்தபோதே அவர்கள் பந்தை எடுத்துக்கொண்டு போய், முரளி கோல் போட்டான். முரளிக்கு வேலை. கம்பெனி கேன்டீன், கம்பெனி பஸ், பிறகு கம்பெனி லோனில் அண்ணனூரில் வீடு. எனக்கு லேத். அப்புறம் நர்ஸான என் மனைவி தமிழரசிக்கு இங்கே ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது. அவள் கொண்டுவந்த சாமான்களோடு நானும் ஒரு சாமானாக வந்து இறங்கினேன்.

3

ஜாமா எனக்கு முன்னாலேயே இங்கே வந்துவிட்டான். அவன் மெட்ராஸில் இருக்கும்போதே அவன் நாட்டில் அரசாங்கம் கலைந்து, திரும்பிப் போக இடமில்லாமல், அங்கே இங்கே சுற்றி, துறைமுகத்துப் பக்கம் காலம் காலமாகச் சோமாலியர்கள் வாழ்கிற இந்த ஊருக்குத் தன் மாமா வீட்டுக்கு வந்து சேர்ந்தான். நான் வந்த முதல் வாரம் அரசாங்க ஆபீஸ் ஒன்றில் நம்பருக்குக் காத்திருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல்: "இன்னா மச்சான், இங்கயும் ஆஃப்சைடா?"

எழுந்து கட்டிக்கொண்டேன். ஆபீஸே பார்த்தது.

அந்த ஆபீஸில் என்னை மிஸ்டர் ஏழுமலை என்று கூப்பிடுவார்கள். ஏழுமலை என் அப்பா. பாஸ்போர்ட்டில் அவர் பெயரைக் கடைசியில் எழுதியதால் இந்த நாட்டுக்கு நான் என் அப்பாவாகிவிட்டேன். ஜாமாவுக்கு அதைவிட மோசம். அவர்களுக்கும் நம்மைப் போலக் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், அவ்வளவுதான். அவனைத் தாத்தா பெயரால் கூப்பிடுவார்கள். "உன் நைனாவும் என் தாத்தாவும் ஒரே கியூவுல நிக்கறாங்க மச்சான், நம்ம ரெண்டு பேரும் இன்னும் இந்த நாட்டுக்கு வரவே இல்ல" என்பான்.

ஹாவா அக்காவின் டீக்கடைக்கு அவன்தான் கூட்டிப் போனான். ஏலக்காய், பட்டை, கிராம்பு எல்லாம் தட்டிப் போட்டு, சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. பூந்தமல்லி வட்டம் அப்படியே பெயர்ந்து வந்து இங்கே உட்கார்ந்திருந்தது. குந்தியபடியே யுத்தம். ஃபுட்பாலில் சிவப்புச் சட்டை டீம் இந்த வருஷம் உருப்படுமா. அவர்கள் நாட்டுக்காக இன்னொரு ஹோட்டலில் இன்னொரு சமாதான மாநாடாம், போன மாநாட்டுக்குப் போனவர்கள் ஹோட்டலைக் காலி செய்தார்களா. ஒருத்தர் தன் ஊரில் டெலிபோன் கம்பெனி தொடங்கப் பங்குதாரர் தேடிக்கொண்டிருந்தார்.

"அரசாங்கமே இல்லாத ஊரில் யார் போன் கனெக்‌ஷன் கொடுப்பது?" என்று கேட்டேன்.

"அரசாங்கம் இல்லாததாலதான் மூணே நாள்ல கனெக்‌ஷன் கிடைக்குது" என்றார் அவர், ஜாமா மொழிபெயர்த்தான். என் அப்பா போனுக்கு எழுதிப்போட்டு எத்தனை வருஷம் காத்திருந்தார் என்று சொன்னேன். கடை முழுக்க எனக்காக உச்சுக்கொட்டியது. இவ்வளவு அரசாங்கம் வைத்துக்கொண்டு பாவம் எப்படித்தான் வாழ்கிறீர்கள் என்றார் ஹாவா அக்கா.

அந்தக் கடையில் என் கோல் ரொம்பப் பிரபலம். நான் சொல்லிச் சொல்லி, ஜாமா மொழிபெயர்த்து மொழிபெயர்த்து, பெரியவர் ஹாஜி ஃபாராவுக்கே மனப்பாடம். அவர் கப்பலில் கரி அள்ளிப் போட்டுக் கிழவரானவர். அந்தக் கடையில் எந்தச் சச்சரவும் கடைசியில் அவர் மடியில்தான் போய் விழும். ஜாமா பந்தைத் தள்ளிக்கொண்டு வருகிற இடத்துக்கு வந்ததும் அவரே கையை நீட்டி டம்ளரை நகர்த்திக் காட்டுவார்.

வீட்டில்தான் அந்தக் கோலுக்கு மரியாதை இல்லை. என் மகள் கவிதாவிடம் ஒருநாள் உட்கார வைத்துச் சொன்னேன். அவள் மூன்று வயதில் இங்கே வந்தவள். முடித்ததும், "ரீப்ளே இல்லையா டாட்?" என்றாள். இல்லை என்றேன். "அப்ப எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டாள். அங்கே வேல்ஸ் ஆட்கள் ரக்பி பந்தை அணைத்துக்கொண்டு சேற்றில் புரண்டுகொண்டிருந்தார்கள். "நாங்க ஜெயிக்கிறோம்" என்றாள். நாங்க. எனக்கு அந்த 'நாங்க'வில் இடமில்லை. ஆவடியில் நான் கோல் போட்டபோது உள்ளே ஓடிவந்த ஜனத்தில் அவளுக்கும் இடமில்லை.

4

பஸ் ஸ்டாப்பில் பார்த்ததை ஜாமாவிடம் சொன்னபோது அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"கொடி பரசுராமனா? இங்கயா?"

"அந்த ஆளேதான். மகன் இங்கே டாக்டராம். விசாரித்துவிட்டேன்."

"இன்னா பண்ணப் போற?"

"இங்கே கூட்டிக்கொண்டு வரப்போகிறேன். இத்தனை பேர் முன்னால் அது கோல்தான் என்று அவர் வாயால் சொல்ல வைக்கப் போகிறேன். சொல்லும்போது அந்த மூஞ்சியை நான் பார்க்க வேண்டும். அப்புறம் இந்தக் கடை அவரைக் கிழித்துத் தொங்கவிட வேண்டும்."

ஜாமா டம்ளரை மறுபடி எடுத்தான். "கூட்டியா. அந்த கோல்ல என்னோட பாஸும் கீது."

தமிழரசிக்குத் தெரிந்தபோது, "பழி வாங்கப் போறீங்களா? போற வழியில பாலும் வாங்கிட்டு வாங்க" என்றாள். அவள் வார்டில் தினம் நாலு பேர் சாகிற விளிம்பில் கிடக்கிறார்கள், அவளுக்கு ஒரு கோல் பெரிசாகத் தெரியாது.

பரசுராமனைப் பிடிப்பது சுலபமாக இருந்தது. மகனும் மருமகளும் காலையில் வேலைக்குப் போனால், வீட்டில் அவரும் ஹீட்டரும்தான். மறுபடி பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். "சார், நீங்க ஆவடிதானே?" என்றேன். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "தம்பி, தமிழ் பேசி மூணு நாளாச்சு" என்றார். என்னை அடையாளம் தெரியவில்லை. என் வாழ்க்கையைத் தலைகீழாகக் கவிழ்த்த மனுஷனுக்கு என் மூஞ்சி ஞாபகமில்லை. அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு, "வாங்க சார், நம்ம ஊர் டீ மாதிரியே ஓர் இடத்தில் கிடைக்கும்" என்று தேன் ஒழுகக் கூப்பிட்டேன்.

நான் நினைத்தது ஒன்று. அங்கே நடந்தது வேறு.

அவர் உள்ளே வந்ததும் ஹாஜி ஃபாரா எழுந்து கை கொடுத்தார். வயசானவர், வெளியூர்க்காரர் என்று நல்ல நாற்காலியைத் தள்ளினார்கள். ஹாவா அக்கா டீ மட்டுமில்லாமல் சமோசாவும் வைத்தார், எனக்கு ஒருநாளும் சும்மா வைத்ததில்லை. அவர் குல்லாவைக் கழற்றிவிட்டு ஒரு வாய் குடித்து, "ஆஹா, இதுவல்லவோ டீ" என்றார். பத்து நிமிஷத்தில் சிவப்புச் சட்டை டீமின் மிட்ஃபீல்டைப் பற்றி அவரும் ஹாஜியும் உடைந்த இங்கிலீஷில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். குந்தியபடியே யுத்தம் அவருக்கு முதல் நாளே வந்துவிட்டது. எனக்கு அது வர ஆறு மாசம் ஆனது.

பொறுக்க முடியவில்லை. எழுந்தேன்.

"சார், என்னைத் தெரியவில்லையா? நெமிலிச்சேரி செல்வம். ஆவடி பைனல். இதோ ஜாமா. நீங்கள் தூக்கின கொடி."

பரசுராமன் என்னைப் பார்த்தார், ஜாமாவைப் பார்த்தார். முகத்திலிருந்து டீயின் சந்தோஷம் மெதுவாக இறங்கியது. இதற்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன். அடுத்த அடி கடை அடிக்கும் என்று ஹாஜி பக்கம் திரும்பினேன்.

ஹாஜி என்னைப் பார்த்து, "உட்கார்" என்றார்.

5

நான் செய்த தப்பு என்னவென்று ஜாமா பிறகு விளக்கினான். யாரோ ஒருவரைப் பற்றி அவர் இல்லாதபோது எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம், அது டீக்கடைப் பேச்சு. ஆனால் அந்த ஆளைக் கூட்டிவந்து, டீ கொடுத்து, பெரியவர் முன்னால் முகத்துக்கு நேரே குற்றத்தைச் சொன்னால் அது வழக்கு. வழக்கென்று ஆனால் இரண்டு பக்கமும் கேட்டே ஆக வேண்டும், தீர்த்தே ஆக வேண்டும். ஒட்டகம் மேய்க்கிற பாலைவனத்தில் மரத்தடியில் எப்படியோ, கார்டிஃபில் ஹாவா அக்காவின் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்திலும் அப்படியே. ஆளைக் கிழித்துத் தொங்கவிடக் கூட்டி வந்த நான், வழக்குப் போட்டுவிட்டேன்.

ஒரு சிக்கல் வந்தது. மொழிபெயர்க்க ஜாமாவைவிட்டால் ஆளில்லை. அவனோ பாஸ் கொடுத்தவன், வழக்கில் பாதி அவனுடையது. ஹாஜி தாடியைத் தடவிவிட்டு, "ரெண்டு பாஷையும் தெரிஞ்சவன் இவன் ஒருத்தன்தான். மாத்திச் சொன்னா அவன் நாக்கு அழுகட்டும்" என்று தீர்த்தார். ஜாமா நாக்கை நீட்டி எல்லோருக்கும் காட்டினான்.

நான் பேசினேன். யாரும் குறுக்கே பேசவில்லை. எனக்கு அது புதுசு. நம்ம ஊரில் மூன்று வாக்கியம் தொடர்ந்து பேச விட்டவன் யார்? எல்லாம் சொன்னேன். கிழிந்த பனியன், பாஸ், வலை, கை, முரளி, கம்பெனி பஸ், லேத், இந்தத் தூறல், என் மகளின் 'நாங்க'. முடித்ததும் ஹாஜி நான் சொன்னதை முழுக்கத் தன் வாயால் திருப்பிச் சொன்னார். "நீ சொன்னது இதுதானே? எதையாவது விட்டேனா?" என்று கேட்டார். விடவில்லை. இத்தனை வருஷத்தில் என் கதையை யாரும் அப்படி எனக்கே திருப்பிச் சொன்னதில்லை. ஆனாலும் என் கண் பரசுராமன் மேலேயே இருந்தது.

அவர் முறை. மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். மறுத்தால் எந்தெந்த இடத்தில் மடக்குவது என்று பன்னிரண்டு வருஷமாகப் பாடம் பண்ணி வைத்திருந்தேன்.

"கோல்தான்" என்றார்.

ஜாமா மொழிபெயர்க்கவில்லை. வாய் பிளந்து நின்றான்.

"சொல்லுப்பா" என்றார் பரசுராமன் அவனிடம். "கோல்தான். இந்தத் தம்பி நல்லாப் பின்னாடிதான் இருந்தான். நான் பார்த்தேன். என் அக்கா புருஷன் செத்துப்போய் அந்தக் குடும்பம் என் தலையில இருந்துச்சு. முரளிக்கு அந்த வேலை கிடைச்சாதான் நான் மூச்சு விட முடியும். கை தானாத் தூக்கிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். நான்தான் தூக்கினேன். இன்னிக்கு அதே மாதிரி வந்தாலும் தூக்குவேன்."

சமோசாவின் மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டார்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு நடுக்கம் இல்லை, ஒரு மன்னிப்பு இல்லை. கடனைத் திருப்பிக் கேட்கப் போன இடத்தில், ஆமாம் வாங்கினேன் என்று சொல்லிவிட்டு வெற்றிலை மடிப்பவன் மாதிரி இருந்தார். கடை உறுமும் என்று பார்த்தேன். கடை தலையாட்டியது. உண்மையைச் சொன்னார் என்று நாலு பேர் அவர் முதுகைத் தட்டாத குறை.

அடுத்தது இழப்பீடு. அவர்கள் வழக்கத்தில் எந்தச் சேதத்துக்கும் ஒட்டகத்தில்தான் கணக்கு. ஓர் உயிருக்கு நூறு. ஒரு கால் போனால் அதில் பாதி. இப்போது ஒரு கோலுக்கு எத்தனை என்று கடை இரண்டாகப் பிரிந்தது. டெலிபோன் கம்பெனிக்காரர் என் பக்கம்: காலால் பிழைக்க இருந்தவன், அந்தப் பிழைப்பு போனால் கால் போனதாகத்தானே அர்த்தம்? ஹாவா அக்கா கவுன்டரிலிருந்து: "கால் ரெண்டும் இருக்கே, தினம் நடந்துதானே வந்து டீ குடிக்கறான்?" வேலை போனதால்தான் நர்ஸைக் கட்டினான், நர்ஸால் இந்த நாடு, அந்த லாபத்தைக் கழிக்க வேண்டாமா என்று ஒருவர். இந்த மழையை லாபத்தில் சேர்ப்பதா நஷ்டத்தில் சேர்ப்பதா என்று இன்னொருவர். பரசுராமனே நடுவில் புகுந்து, "ஒட்டகத்துல பால் கறக்கிறதா, வண்டி இழுக்கிறதா? எது கணக்கு?" என்று சட்டம் பேசினார்.

ஹாஜி கையைத் தூக்கினார். எனக்குப் பத்து ஒட்டகம். நல்ல பாஸ் வீணானதற்கு ஜாமாவுக்கு இரண்டு. எல்லாம் கறவை ஒட்டகம்.

"கொடுத்தேன்" என்றார் பரசுராமன் உடனே, கையை விரித்து, கண்ணுக்குத் தெரியாத பன்னிரண்டு ஒட்டகங்களை மேசைமேல் ஓட்டி விடுகிற மாதிரி. கடை சிரித்தது. ஜாமா சிரித்துக்கொண்டே அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். "வாங்கிகினேன் அண்ணாத்தே" என்றான்.

ஹாஜி என் பக்கம் திரும்பினார். "நீ வாங்கிக்கொண்டாயா?"

அதற்கு முன்னால் ஒன்றை விளக்கினார். இழப்பீடு வாங்கிக்கொண்டால் வழக்கு செத்தது. அதைப் பற்றி இனி யாரும் வாயைத் திறக்கக் கூடாது. கடையில் இல்லை, வீட்டில் இல்லை, பிள்ளைகளிடம் இல்லை. வாங்கியவன் திரும்பப் பேசினால் அவன்தான் குற்றவாளி, அவன்தான் ஒட்டகம் கட்ட வேண்டும்.

பரசுராமன் என்னைப் பார்த்தார். அப்போதுதான் முதல்முறையாக அந்த முகத்தில் ஒரு பயம் கண்டேன். ரொம்பச் சின்னது, ஆனால் பயம். அவர் அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதும், அவ்வளவு தாராளமாக ஒட்டகம் ஓட்டியதும் எதற்கென்று புரிந்தது. தன் அக்கா வீடு இருக்கிற அண்ணனூரில், தான் கொடி பிடித்த ஆவடியில், இந்தப் பேச்சு இனி எழும்பக் கூடாது. பத்து ஒட்டகத்துக்கு என் வாயை வாங்கப் பார்த்தார்.

"இல்லை" என்றேன்.

"லூசாடா நீ?" என்றான் ஜாமா. "வாங்கிக்கடா. எல்லாரும் பாத்துகினு கீறாங்க."

"வேண்டாம். ஒட்டகத்தை எங்கே கட்டுவேன்? அதெல்லாம் அவரே மேய்க்கட்டும்."

யாரும் சிரிக்கவில்லை. ஹாஜி தன் டம்ளரைத் தள்ளி வைத்தார். பிறகு, "சரி. உன் சுமையை நீயே தூக்கு. இந்தக் கடை இனிமேல் உனக்குக் கை கொடுக்காது" என்றார். ஹாவா அக்கா டம்ளர்களை எடுக்க ஆரம்பித்தார்.

6

இது நடந்து ஒரு மாசம் ஆகிறது. கடைக்கு இன்னமும் போகிறேன், டீ கொடுக்கிறார்கள், சிவப்புச் சட்டை டீமைத் திட்டுகிறோம். பரசுராமனும் வருகிறார். வட்டத்தில் அவருக்கு இடம் நிலைத்துவிட்டது; எனக்கு நேர் எதிரே.

ஒரே ஒரு மாற்றம். போன வாரம் தற்செயலாக, "ஜாமா, அந்த மூணாவது ஆளைப் பார்த்துச் சிரித்தாயே" என்று ஆரம்பித்தேன். அவன் கூரையைப் பார்த்தான். அவன் இரண்டு ஒட்டகம் வாங்கியவன், வாய் கட்டுப்பட்டது. "வேற பேசு மச்சான்" என்றான். இந்தக் கண்டத்தில் அந்தப் பந்து எப்படி வந்தது என்று தெரிந்த என் டீம் ஆள் அவன் ஒருத்தன். இனி அதை நான் மட்டும்தான் சொல்ல முடியும். தமிழரசியிடம் சொன்னேன். "பத்து ஒட்டகம் மலிவுதான், வாங்காதது சரி" என்றாள். அவள் என் பக்கம் பேசினாளா, கிண்டல் பண்ணினாளா என்று இன்னும் தெரியவில்லை.

வருத்தமா என்று கேட்பீர்கள். ஜாமாவை நினைத்தால் வருத்தம். மற்றபடி இல்லை. வாங்கியிருந்தால் இதை உங்களுக்கு எழுத முடியாது.

பரசுராமன் வருகிற மாசம் ஊர் திரும்புகிறார். பழைய இடம்தான், ஆவடி மார்க்கெட்டுக்குப் பின்னால். காலையில் பால் வாங்க வருவார், சாயங்காலம் மைதானத்தைச் சுற்றி நடப்பார். என் ஜனங்களே, எனக்காக ஒன்று செய்யுங்கள். அவரைத் திட்ட வேண்டாம், வழி மறிக்க வேண்டாம், வயசானவர். எதிரே வந்தால் மரியாதையாக வணக்கம் சொல்லுங்கள். காலையில் ஒருத்தர், சாயங்காலம் ஒருத்தர் போதும். வணக்கம் சொல்லிவிட்டு, சிரித்த முகமாக, இந்த ஒன்றை மட்டும் கேளுங்கள்:

"சார், அது கோல்தானாமே?"